தாடி வைத்த நோயாளி

…தாடி, எப்போது பார்த்தாலும் தாடிதான், மனசு நொந்தவன் சவரம் செய்யக் கூடாதென்று படம் எடுக்கிற இவர்களுக்கு யார் சட்டம் போட்டார்களோ, திரையில் அவன் கிழிந்த சட்டையோடு இருட்டறைச் சுவரைப் பார்த்துப் புலம்புகிறான், பின்னால் புல்லாங்குழல் வேறு, அழுவதா சிரிப்பதா… கல்யாண மண்டபத்தில் மனநல விழிப்புணர்வுப் படம் போடுகிறார்கள் என்று சிவக்குமாரைக் கெஞ்சிக் கூட்டி வந்தவள் நான்தான், படத்தைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருவதைப் பற்றி யோசிக்கிறேன் என்றான், இப்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கிறான் என் மகன். "எனக்கு இப்படியெல்லாம் இல்லீங்கம்மா, நான் நல்லாத்தான இருக்கறேன்." மழமழவென்று சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட சட்டை, ஆனால் மாசக்கணக்காகப் பொட்டுத் தூக்கமில்லை, வெளியே சொன்னால், போர்வெல் வண்டியில் ராப்பகலாக நின்ற உடம்பு, ரிக்குக்காரனுக்கு எங்கே தூக்கம் என்கிறது ஊர், நானும் அதையே நம்பிக்கொண்டுதான் இருந்தேன், போன வாரம், ஆசை ஆசையாக வாங்கிய பைக்கை மச்சானுக்குக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டானே, இருக்கப்போகிறவன் கேட்கிற கேள்வியா அது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாத்திரை போட்டதும் திரையில் தாடி காணாமல் போனது, மண்டபமே கைதட்டியது, எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது, படம் எடுத்த புண்ணியவான்கள் இப்படி ஒரு வீட்டுக்குள் வந்து ஒருவேளைச் சோறாவது தின்றிருப்பார்களா, என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே, இவன் அப்பா தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட அன்று எப்படி இருந்தார் என்று… எங்கள் வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு அது, சொல்லலாமா, வேண்டாமா, சொல்லாமல் இருந்து மட்டும் என்ன கண்டோம்…

"உங்கப்பாவும் அன்னைக்கு நல்லாத்தான் இருந்தாரு சாமி. கறிக்கொழம்பு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கி உண்டாரு. என்னையக் கேலி பண்ணிச் சிரிச்சாரு."

அவன் சிரிப்பு நின்றது. "சிரிச்சாருங்களா?" என்றான், மெதுவாக, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து. அவ்வளவு பெரிய படம் அசைக்காதவனை என் பேச்சு அசைத்துவிட்டதே என்று நெஞ்சு குளிர்ந்தது, ஒரு நொடிதான், அப்புறம்… அவன் பயந்து கேட்டானா, இல்லை, அப்பாவும் தன்னைப் போலத்தான் என்று ஒரு துணை கிடைத்ததா அவனுக்கு, ஐயோ, நான் மருந்தைக் கொடுத்தேனா வழியைக் காட்டிவிட்டேனா, அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன். "நாளைக்கே போலாமுங்கம்மா" என்றான், உடனே, நான் ஒரு வார்த்தைகூடக் கெஞ்சாமலே, அதுவும் சிரித்துக்கொண்டே, அவன் அப்பாவைப் போல… நாளைக்கா, நடுவில் ஒரு ராத்திரி கிடக்கிறதே?