பூட்டண்ணன் போட்ட பூட்டு

ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் டீமில் அவருக்குப் பூட்டண்ணன் என்று பெயர். சர்வரில் எந்தத் தகவல் பட்டியலை, அதாவது டேபிளை, நாங்கள் அழிப்பதென்றாலும், யாரும் படிக்கலாம், அழிக்க முடியாது என்கிற மாதிரி முதலில் அதைப் பூட்டிவிடுவார். பிறகு போன் போட்டு, "எந்த வீட்டுல நிக்கிற?" என்பார். சோதித்துப் பார்க்கிற ஒத்திகை சர்வரா, ஆஸ்பத்திரி பயன்படுத்துகிற நிஜ சர்வரா என்று அர்த்தம். பதில் சொன்னால்தான் திறப்பார். "நான் என்ன பச்சப்புள்ளயா?" என்று எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறேன்.

போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். சர்வரில் அவர் கணக்கை நீக்கியது நான்தான். அவருடைய லேப்டாப்பை மட்டும் ஆபீஸில் ஒப்படைக்க மனசு வரவில்லை. பேட்டரி செத்து, சார்ஜரும் இல்லாமல் என் வீட்டு அலமாரியில் கிடந்தது.

அன்று மத்தியானம் வீட்டிலிருந்தபடியே ஆஸ்பத்திரி சர்வர் வேலை. ஒத்திகை சர்வரில் இருந்த பழைய ரத்தவகை டேபிளை அழிக்க வேண்டும். திரையில் இரண்டு சர்வருக்கும் இரண்டு கறுப்பு ஜன்னல்கள், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அதே ஆஸ்பத்திரியில்தான் அக்காவுக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. நடுவில் அம்மா போன் செய்தாள்.

"ரத்தம் ஏத்தணுமாம்டி. கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு எடுப்பாங்களாம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லி வைத்துவிட்டு, கட்டளையைத் தட்டி எண்டர் அடித்தேன்.

ஓடவில்லை. யாரோ டேபிளைப் பூட்டியிருந்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எவன்டா அவன் என்று அதே சர்வரில் இன்னொரு இணைப்பைத் திறந்து பார்த்தேன். பூட்டியிருந்தது, நான் நீக்கிய கணக்கு. அந்த இணைப்பு வந்திருந்த இடம், அவருடைய லேப்டாப்.

மேனேஜர் போனில் வந்தார். "இன்னும் முடியலயா? ஏதாவது பழைய இணைப்பு தொங்கிட்டிருக்கும், வெட்டி விடுங்க."

வெட்டும் கட்டளையையும் தட்டினேன். எண்டரை அமுக்கினால் பூட்டு போய்விடும். காத்திருக்கும் என் அழிப்பு ஓடிவிடும். விரலை வைத்த பிறகுதான், வழக்கமாக வரும் அந்தக் கேள்வி இன்று வரவில்லையே என்று உறைத்தது. ஜன்னலின் தலைப்பைப் பார்த்தேன்.

நிஜ சர்வர்.

என் அழிப்பை ரத்து செய்தேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அக்காவின் பெயரும் ரத்தவகையும் அப்படியே இருந்தன. ஆனால் பூட்டு மட்டும் திறக்கவில்லை.

எழுந்து போய் அலமாரியைத் திறந்து லேப்டாப்பைத் தொட்டேன். நாள் முழுக்க வேலை செய்தது போல் சுட்டது. எனக்குப் பயமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

"நிஜ வீட்டுல நிக்கிறேண்ணே" என்றேன். "எதையும் அழிக்கல."

திரும்பி வந்து திரையைப் பார்த்தேன். பூட்டு திறந்திருந்தது.