வில்ஃப் சக்டன் கடக்காத வயல்

1968 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து காலாற நடக்கப் போன வில்ஃப் சக்டன் நாற்பத்தொரு ஆண்டுகள் வீடு திரும்பவில்லை. அவன் காணாமல் போகவில்லை. வெதர்கோட் கிராமத்தில் யாருக்காவது அவனைப் பார்க்க வேண்டுமென்றால், இடிந்த மடாலயம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் ஊரை நோக்கி நடந்தால் போதும். பழைய துறவிகள் மீன் வளர்த்த மூன்று குளங்களில் ஏதாவது ஒன்றின் கரையிலோ, பீச் மரக்காட்டுக்குள்ளோ, காடு முடியும் இடத்திலிருக்கும் மரக்கேட்டின் பக்கத்திலோ அவன் வந்துகொண்டிருப்பான். பழுப்புத் தொப்பி, சேறு படிந்த பூட்ஸ், கையில் ஒரு குச்சி. நின்று பேசுவான். மழை வருமா என்று கேட்பான். மரக்கேட்டுக்கும் அவன் வீட்டுப் பின்வாசலுக்கும் இடையில் இருந்தது ஒரே ஒரு வயல். அதை மட்டும் அவனால் கடக்க முடியவில்லை.

வயல் பண்ணைக்காரர் ஆர்மிடேஜுடையது. சுட்டு வேட்டையாடுவதற்காக வளர்த்த காட்டுக்கோழிகளை நடைக்காரர்கள் மிரட்டுகிறார்கள் என்று சொல்லி, வயலின் குறுக்கே போன பாதையை நீக்கக் கேட்டு அவர் கவுன்சில் அலுவலகத்தில் மனுப் போட்டிருந்தார். அறிவிப்பு கேட்டில் பல வாரம் தொங்கியது. ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதலாம் என்று அதில் இருந்தது. ஊரில் எல்லோரும் நின்று படித்தார்கள். யாரும் எழுதவில்லை. முன்னால் போய் நிற்பது அந்த ஊருக்குக் கூச்சமான காரியம். வில்ஃபும் படித்துவிட்டு வந்து, "யாராவது எழுதிப் போட்டிருப்பாங்க" என்று மனைவி மேவிஸிடம் சொன்னான். "பள்ளிக்கூட வாத்தியார் எழுதுவார்" என்றாள் அவள். வாத்தியார் பாதிரியார் எழுதுவார் என்று நினைத்தார். உத்தரவுப்படி பாதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணியிலிருந்து இல்லாமல் போனது. ஏன் ஞாயிறு, ஏன் மூன்று மணி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அன்று நடக்கப் போன மற்றவர்கள் அதற்குள் வீடு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வில்ஃப் அப்போது காட்டுக்குள் இருந்தான்.

சமையலறை ஜன்னலில் நின்று மேவிஸ் பார்த்தாள். அவன் கேட்டைத் திறந்து வயலில் இறங்கினான், வீட்டை நோக்கி நடந்தான், கையசைத்தான். நடந்துகொண்டே இருந்தான். உருவம் பெரிதாகவில்லை. இருட்டும்போது மறுபடியும் குளக்கரையில் இருந்தான். அந்த வாரம் போலீஸ்காரர் அவனைக் காரில் ஏற்றிச் சாலை வழியாகக் கொண்டுவந்தார். ஊர்ப்பலகையைத் தாண்டியதும் பின்சீட் காலியாக இருந்தது, தொட்டால் சூடு மட்டும் இருந்தது. ரக்பி ஆடும் நான்கு பையன்கள் அவனை ஒரு கதவில் படுக்க வைத்துத் தூக்கி வந்தார்கள். கதவு வந்து சேர்ந்தது. கடைசியாக மேவிஸே அவன் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வயலைக் கடந்தாள். பின்வாசலில் கையைப் பார்த்தபோது அவனுடைய கம்பளிக் கையுறை இருந்தது.

பிறகு ஊருக்குப் பழகிவிட்டது. வில்ஃபுக்கு அது முழுவதும் ஒரே மதியம்தான். வயது ஏறவில்லை, பசிக்கவில்லை. இன்றைக்குப் பாதையில் என்ன இவ்வளவு கூட்டம் என்று மட்டும் அலுத்துக்கொள்வான். லீட்ஸ் நகரத்திலிருந்து வந்த நடைக் குழுக்கள் அவனுக்கு பிஸ்கட் கொடுத்தன. அவர்களுடைய வழிகாட்டிப் புத்தகம் மடாலயத்தையும் குளங்களையும் சொல்லிவிட்டு, எதிரே வருபவரிடம் ஆண்டு என்னவென்று சொல்ல வேண்டாம் என்றும் ஒரு வரி போட்டிருந்தது. மதுக்கடை நண்பர்கள் சீண்டுவார்கள்.

"ஏம்ப்பா வில்ஃப், பொண்டாட்டிக்குப் பயந்துதானே வீட்டுக்குப் போகாம சுத்துற?"

"போடா. அவ டீ போட்டு வச்சிருப்பா. இன்னிக்கு என்னவோ இந்த வயலு நீண்டுட்டே போகுது."

மேவிஸுக்கு அவன் வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். வேறு எதையும் அவள் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு நிலத்தில் இருபது ஆண்டு, ஒளியாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், யாரும் தடுக்காமல் நடந்தால் அது சட்டப்படி பாதையாகிவிடும் என்று பக்கத்து வீட்டு பெரில் எங்கோ கேட்டு வந்து சொன்னாள். மறுநாளே மேவிஸ் ஆரம்பித்தாள். பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குப் போகும் முன் பின்வாசலிலிருந்து கேட் வரை போவாள், திரும்புவாள். பனி, சேறு, கன்று ஈன்ற மாடு, எதற்கும் நிற்கவில்லை. பெரிலும் கூட நடந்தாள். ஊரில் ஐந்தாறு பேர், எழுதாமல் விட்ட குற்றத்துக்காகவோ என்னவோ, சேர்ந்துகொண்டார்கள். ஆர்மிடேஜ் கண்டுகொள்ளவே இல்லை. கோழி வளர்ப்பை எப்போதோ நிறுத்திவிட்டார். பத்தொன்பதாம் ஆண்டு மே மாதத்தில், ஒரு காலை, அவர் தன் ஆட்கள் இருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வயல் நடுவே நின்றார். மேவிஸ் வந்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"திருமதி சக்டன், நீங்க இங்க நடக்கறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தாராளமா நடங்க. உங்களுக்கும் உங்க கூட வர்றவங்களுக்கும் என் அனுமதி உண்டு."

"ரொம்ப நன்றிங்க" என்றாள் மேவிஸ்.

அத்தோடு முடிந்தது. அனுமதி பெற்று நடப்பது கணக்கில் சேராது. தடுத்திருந்தால் வழக்குப் போட்டிருக்கலாம். நாயை ஏவியிருந்தால் பத்திரிகைக்குப் போயிருக்கலாம். அவர் மரியாதையாகக் கொடுத்தார், இவள் மரியாதையாக வாங்கிக்கொண்டாள், இரண்டு சாட்சிகள் நின்றார்கள்.

அன்று மாலை பெரில் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன்டி, போய்யா உன் வேலையப் பாத்துக்கிட்டுன்னு சொல்லக் கூடாதா?"

"அவர் தொப்பியக் கழட்டினாரு பெரில். வாயில தானா வந்துடுச்சு."

அதற்குப் பிறகும் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி மடாலயத்துக்குப் போய், வில்ஃபுடன் கேட் வரை நடந்து வந்தாள். ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தாள். இடுப்பு தேய்ந்து, தன் அம்மாவைப் போலவே ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாள். அவனுக்கு முப்பத்தாறு. இலையுதிர் காலத்தில் ஒருநாள் நடுக்குளத்துக் கரையில் அவளைப் பார்த்ததும் அவன் தொப்பியைத் தொட்டான்.

"அத்தை, நீங்க எங்க இவ்வளவு தூரம்? மேவிஸ் கூட வரலையா?"

அவளுடைய அம்மா செத்துப் பதினைந்து ஆண்டு ஆகியிருந்தது. "அவளுக்கு வீட்டுல வேலை இருக்குப்பா" என்றாள் மேவிஸ்.

"மூச்சு வாங்குதே உங்களுக்கு. இப்படி உக்காருங்க. நான் போய் அவளை அனுப்பறேன்."

அவன் வேகமாக வயலை நோக்கிப் போனான். அவள் இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு பாதைக்குப் போகவே இல்லை. சமையலறை ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்துப் போட்டாள்.

பிணம் தூக்கிப் போன வழி என்றென்றைக்கும் பொதுவழி ஆகிவிடும் என்று அந்தப் பகுதியில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. எந்தச் சட்டத்திலும் அப்படி எழுதியதில்லை. வக்கீல்கள் சிரிப்பார்கள். ஆனாலும் ஆர்மிடேஜின் தாத்தா முதல் அங்கிருந்த நிலக்காரர்கள் ஒருவரும் தங்கள் புல்லின் மேல் சவப்பெட்டியைக் கொண்டுபோக விட்டதில்லை. சிரிக்கும் வக்கீல்களில் நிலம் வைத்திருந்தவர்களும் அப்படித்தான். மேவிஸ் அதை நம்பினாள் என்று சொல்ல முடியாது. நம்ப வேறு எதுவும் மிச்சமில்லை. தேவாலயம் அவள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. இருந்தும், தன்னைப் பின்வாசல் வழியாக எடுத்து, வயலின் குறுக்கே கேட் வரை கொண்டுபோய், பிறகு திருப்பிக் கொண்டுவந்து புதைக்க வேண்டும் என்று பெரிலிடம் சொல்லி வைத்தாள்.

"அவன் வீட்டுக்கு வரும்போது நீ இருக்க மாட்டியேடி" என்றாள் பெரில்.

"தெரியாமலா சொல்றேன்? வீட்டுக்காவது வரட்டும்."

அவள் சாவை அவசரப்படுத்தவில்லை. நெஞ்சில் சளி கட்டியபோது மருத்துவரிடம் போகவும் இல்லை. 2010 பிப்ரவரியில் செத்தாள்.

ஆறு பேர் தூக்கினார்கள். பெரில் முன்னால் போய் வேலிக் கம்பியை வெட்டினாள். சேறு கணுக்காலுக்கு மேல் இருந்ததால் பெட்டி இரண்டு முறை சரிந்தது. வயலின் பாதியில் ஆர்மிடேஜின் மகன் மூச்சிரைக்க ஓடி வந்தான். ஆர்மிடேஜ் அப்போது சக்கர நாற்காலியில் இருந்தார்; மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார்.

"அப்பா சொல்லச் சொன்னார். நீங்க தாராளமா இந்த வழியா போகலாம், அனுமதி தர்றாராம்."

"யாரும் கேக்கல" என்றாள் பெரில். ஒருவரும் நன்றி சொல்லவில்லை. அந்த ஊரில் அதுவரை யாரும் கேட்டிராத மௌனம் அது. மகன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

கேட்டின் மறுபக்கம் வில்ஃப் நின்றிருந்தான். பெட்டியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, கேட்டைத் திறந்து பிடித்தான். தூக்கியவர்கள் அவன் போனபோது பிறக்காதவர்கள். பெரிலை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"எங்க வீட்டுப் பக்கத்துல இருந்து வர்றீங்க. யாருங்க?" என்று கேட்டான்.

அவன் பெட்டியைப் பார்த்தான்.

"அத்தையா? இப்பதான் குளத்துகிட்ட பார்த்தேன். மூச்சு வாங்கிட்டிருந்தாங்க. நான் அப்பவே கூட இருந்திருக்கணும்." தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். "மேவிஸுக்குச் சொல்லியாச்சா?"

பெரில் வானத்தைப் பார்த்து, மழை வரும் போல இருக்கிறது, சீக்கிரம் போய்விடலாம் என்றாள். தூக்கியவர்களில் ஒருவன் தோள் மாற்றக் கேட்டான். வில்ஃப் குச்சியை வேலியில் சாய்த்துவிட்டு அவன் இடத்தில் தோள் கொடுத்தான். திரும்பி நடந்தார்கள். இந்த முறை வீடு பெரிதாகிக்கொண்டே வந்தது. முதலில் புகைக்கூண்டு, பிறகு திரைச்சீலை போட்ட ஜன்னல், பிறகு பின்வாசல். அவன் வீட்டைப் பார்த்து ஒருமுறை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். தோளில் பாரம் இருந்ததால் நிற்க முடியவில்லை. தேவாலயத்தில் பெட்டியை இறக்கி வைத்தபோது மூடியின் மேலிருந்த பித்தளைத் தகடு அவன் கண்ணுக்கு நேரே வந்தது. படித்தான். மேவிஸ் சக்டன் என்று இருந்தது.

அடுத்த கோடையில் வந்த வரைபடத்தில் பாதை இருந்தது. யார் சேர்த்தார்கள் என்று கேட்டு ஆர்மிடேஜ் வீட்டார் எழுதினார்கள். அது எப்போதும் இருந்ததுதான் என்று பதில் வந்தது. வில்ஃப் அந்த வீட்டில்தான் இருக்கிறான். இப்போது மற்றவர்களைப் போல வயது ஏறுகிறது, பல் வலிக்கிறது, பசிக்கிறது. எங்கும் நடக்கப் போவதில்லை. வயல் ஒரு வயலின் நீளம்தான் இருக்கிறது. நாய் வைத்திருப்பவர்கள் காலையும் மாலையும் அதைக் கடக்கிறார்கள்.