கழற்றிக் கொண்டுவந்த மோட்டார்கள்

சல்லிக் கிராமத்தில் மச்சான் முருகேசுவின் தச்சுப் பட்டறைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில்தான் கதிரவேலும் மனைவி புஸ்பராணியும் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். மூதூர்ப் பக்கம் ஷெல் விழுந்து, போட்டோகொப்பி மெஷின் திருத்தும் கடையும் போய், கட்டிய துணியோடு வந்தவர்கள். தங்கை புஸ்பராணிக்காக முருகேசு இடம் கொடுத்தார். கொடுத்ததை ஒருநாளாவது சொல்லிக்காட்டாமல் விட்டதில்லை.

"உன்ர மெஷின் ஓடினா இரு. ஓடாட்டி கிளிவெட்டி அகதி முகாம் இருக்கு. பெட்டியைக் கட்டு."

அது கதிரவேல் செய்துகொண்டிருந்த, பலகையில் எழுத்து வெட்டும் மெஷின். பழைய கொம்பியூட்டர் சொல்லச் சொல்ல, மோட்டார்கள் திருகுத்தண்டுகளைச் சுழற்றி வெட்டும் முனையை நகர்த்த வேண்டும். புல்மோட்டை ஸைனுலாப்தீன் காக்கா தன் மீன்பிடி வள்ளங்களுக்கெல்லாம் பெயர்ப்பலகை கேட்டிருந்தார். அதை நம்பித்தான் முருகேசு மரமும் இரும்பும் தந்தார், நல்ல மனதால் அல்ல.

முதல் நாளே இருவருக்கும் முட்டிக்கொண்டது.

"கியர் இல்லாம எந்த இஞ்சினடா இழுக்கும்? பல்சில்லும் பெல்ட்டும் போடு."

"இது வள்ளத்து இஞ்சின் இல்லை மச்சான். பல்சில்லும் பெல்ட்டும் போட்டா மெதுவாப் போகும், ஆட்டமும் வரும். நான் சொல்லுற மோட்டார் வந்தா திருகுத்தண்டில நேராப் பூட்டலாம்."

கதிரவேல் கணக்குப் பார்த்துத்தான் மோட்டாரைத் தெரிவு செய்திருந்தான். அதற்குப் போதிய மின்சாரம் கொடுக்கும் கட்டுப்பாட்டு அட்டையையும் அப்படித்தான். கடை டவுனில் இருந்தது. மூதூர் அடையாள அட்டையோடு ஆமியின் சோதனைச் சென்றியைத் தாண்டிப் போனால் திரும்பி வருவானோ தெரியாது. ஆகவே முருகேசு போய் வாங்கிவந்தார். சென்றியில் பிடிபடாமல் எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டதற்கு, "அது என்ர கெட்டித்தனம்" என்று மட்டும் சொன்னார்.

நேராகப் பூட்டி ஓடவிட்டார்கள். சோதனைக்கு வெட்டிய வட்டம் தொடங்கிய இடத்துக்கு வந்து சேரவில்லை, ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது. பலகையில் முனை இறுகும்போதெல்லாம் மோட்டார் சுற்ற மாட்டாமல் நழுவியது. மின்சாரத்தைக் கூட்டினால் கை வைக்க ஏலாத சூடு வந்ததே தவிர பலம் வரவில்லை. அப்போதுதான் மோட்டார்களின் ஸ்குரூத் தலைகளில் புதுக் கீறலைக் கதிரவேல் கண்டான்.

"இதைக் கழட்டினீங்களோ மச்சான்?"

"பின்னே? வயர் தொங்குற மோட்டாரைக் கண்டா ஆமிக்காரன் குண்டெண்டு பிடிப்பான். வெளிக்கோதெல்லாம் வலைக்குக் கட்டுற ஈயக்கட்டிப் பைக்குள்ள, நடுத்தண்டெல்லாம் வெங்காயப் பைக்குள்ள. ஒருத்தனும் கண்டுபிடிக்கேல்லை!"

அந்த வருடங்களில் எதையும் முழுதாகத் தூக்கிக்கொண்டு சென்றிக்குப் போகிறவன் மடையன். ரேடியோ ஒரு பையில், பற்றரி இன்னொருவர் பையில் என்று எல்லாரும் பழகிவைத்திருந்த வித்தை அது. முருகேசுவைக் குற்றம் சொல்லவும் ஏலாது. ஆனால் அந்த மனிதரின் வாயைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவும் ஏலாது.

"நடுத்தண்டு காந்தம் மச்சான். இந்த மோட்டாருக்குள்ள இருந்து அதை வெளியில எடுத்தா பலம் குறைஞ்சுபோகும். திருப்பிப் பூட்டினாலும் வராது."

"ஒரு ஸ்குரூ மிஞ்சாமப் பூட்டினனான்! உன்ர கணக்குப் பிழைச்சதை என்ர தலையில கட்டப் பாக்கிறியோ? வெள்ளிக்கிழமை ஸைனுலாப்தீன் வாறார். வட்டம் சேராட்டி அண்டைக்கே ரெண்டு பேரும் வெளிக்கிடுங்கோ."

கதிரவேலுக்குச் சுத்தியலால் அந்த மோட்டார்களை அடித்து நொறுக்க வேண்டும் போலிருந்தது. வேறு மோட்டாருக்கு வழியில்லை. ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு, பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு போட்டோகொப்பி மெஷினின் பல்சில்லையும் பெல்ட்டையும் எடுத்து, தான் வேண்டாமென்ற கியரைத் தன் கையாலேயே பூட்டினான். வேகம் போனாலும் அதால் இழுக்கும் பலம் கூடும். நடந்ததைப் புஸ்பராணிக்கு மட்டும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை வட்டம் சேர்ந்தது. ஸைனுலாப்தீன் பலகையைத் தடவிப் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா சரியான ஆறுதலா, மெல்ல மெல்ல வெட்டுது."

"இவர் சொல்லி எடுத்த மோட்டார் சரியில்லை காக்கா" என்றார் முருகேசு. "கதை மட்டும் பெரிய கதை. நான் கியர் போடச் சொல்லாட்டி இதுவும் ஓடாது."

"அப்படியா தம்பி?"

"ஓம்" என்றான் கதிரவேல். "மச்சான் சொன்னதுதான் சரி. என்ர கணக்குப் பிழைச்சுப்போச்சு."

தேத்தண்ணியோடு வந்த புஸ்பராணி அப்படியே நின்றாள்.

"அண்ணை, நீங்கள் மோட்டாரைக் கழட்டினபடியால்தானே..."

"வாயைப் பொத்திக்கொண்டு உள்ளுக்குப் போடி!"

கத்தியது கதிரவேல். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவளிடம் அவன் அப்படிப் பேசியதில்லை.

முருகேசு சிரித்தார். "இப்பதான் ஆம்பிளை மாதிரிக் கதைக்கிறாய்" என்று அவன் தோளில் தட்டினார். "இருங்கோ, இருங்கோ. ஒரு இடமும் போகத் தேவையில்லை."

புஸ்பராணி தட்டை வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த அறைக்குள் இனி எந்த முகத்தோடு போவது என்று தெரியாமல் கதிரவேல் மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்றான்.