இறக்கி வைக்க முடியாத பாடை

தெரு முனையில் பாடையை ஒரு தடவை இறக்கித் தலைமாற்றித் தூக்கியாகிவிட்டது. இனி இடுகாட்டில்தான் இறக்க வேண்டும். நடுவில் வைத்தால் ஊருக்கு ஆகாது. இடுகாடோ அரசாங்கம் போட்ட கம்பி வேலிக்கு உள்ளே இருந்தது, வேலிக்கு முன்னால் போலீஸ். கங்காதரனைச் சுமந்தவர்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி வெயிலில் நின்றார்கள்.

அவருடைய ஒரே மகள் தேவிப்பிரியா, பெண்களோடு தெரு முனையிலேயே நின்றுவிட்டாள். இடுகாட்டுப் பக்கம் பெண்கள் போவதில்லை. மீனவர் ஊருக்குப் பெரியவரான நாட்டார் கண்ணாயிரம் மூச்சிரைக்க வந்தார்.

"இன்ஸ்பெக்டரு உன்னத்தான் கேக்குறாரு. வா."

"நான் எப்டி மாமா அங்க வர்றது?"

"பொண்ணா வராத. பிரசிடென்ட்டா வா."

நல்ல ஏற்பாடு. பெற்றவனுக்கு அழ வரக்கூடாது, போலீசோடு பேச வரலாம். ஊராட்சித் தலைவி நடந்தாள்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "இவங்க ஓட்டுல வந்தவங்க நீங்க. ஆர்டர் போட்டவங்களும் ஜனங்க ஓட்டுல வந்தவங்கதான். நீங்க சொன்னா கேப்பாங்க. ரோட்டுக்கு மேற்கே புது இடம் குடுத்திருக்கே, அங்க கொண்டு போங்கம்மா."

"அங்க முழங்காலு தோண்டுனா பாறை சார்."

"அதை நீங்க எழுதித்தான் குடுக்கணும்."

எழுதாமலா? சுனாமிக்கு மறு வருஷம் பூங்கா கட்டுகிறோம் என்று வேலி போட்டதிலிருந்து செங்கல்பட்டுக் கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா. இத்தனை நாள் சாவுக்கு மட்டும் வழி விட்டார்கள், இப்போது அதையும் தடுத்து ஆர்டர். அன்றைக்குக் கடப்பாரையோடு கிளம்பிய பையன்களைக் குறுக்கே நின்று தடுத்தவரே அவளைப் பெற்ற நைனாதான். "நாம ஓட்டுப் போட்டு உக்கார வச்ச கவர்மெண்டுடா. நாமளே இடிச்சா, அப்பால ஓட்டுக்கு இன்னா மரியாதை கீது?" என்றார். ஊர் அடங்கிற்று. அந்த மரியாதையில்தான் மறு தேர்தலில் இவளும் ஜெயித்தாள்.

இப்போது வேலியைப் பிரிக்கச் சொன்னால் அவர் பேச்சை அவர் பிணத்துக்கு முன்னாலேயே மீற வேண்டும். சொல்லாவிட்டால் அவரைப் பாறையில் கிடத்த வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நைனாதான் நின்றார். செத்தும் விடமாட்டேன் என்கிறாரே என்று கோபம் கோபமாக வந்தது.

பிணம் அடங்கும் வரை எந்தப் படகும் கடலுக்குப் போகாது. கரை முழுக்க ஆட்கள் சும்மா நின்று அவள் வாயையே பார்த்தார்கள்.

"கோர்ட்டு தீர்ப்பு சொல்ற வரிக்கும் செத்தவரு காத்துகினு இருப்பாரா சார்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தார்.

தேவிப்பிரியா முந்தானையை இடுப்பில் செருகினாள். தலைமாட்டில் சுமந்து நின்ற சித்தப்பா மகன் வசந்திடம் போனாள். மாற்றிக்கொள்ள வந்த ஆளை விலக்கிவிட்டுத் தன் தோளைக் கொடுத்தாள். யாரோ "பொம்பள..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

"அக்கா, இன்னாக்கா இது?"

"நீ உடுறா. போய் அந்த வேலியப் பிரி."

"மேடம், கேஸ் ஆயிடும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆவட்டும் சார். மொத பேரு என்னுது எழுதிக்கோங்க."

வசந்தோடு இன்னும் பத்துப் பேர் ஓடினார்கள். போலீஸ்காரர்கள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் அவள் தோளைப் பார்த்தார்.

மூங்கில் தோள் எலும்பில் அழுத்தியது. கம்பிகள் ஒவ்வொன்றாக அறுபடும் சத்தம் கேட்டது. நைனாவின் முகம் அவள் காதுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.