பிசிர் இல்லாத ராணி

கடையில் விற்கும் வில்லைப் பெட்டியின் விலையைக் கேட்டதுமே எனக்குத் தலை சுற்றியது. எங்கள் வில்லை ஆட்டச் சங்கத்தில் ஆளுக்கொரு வில்லைப் பை இருந்தால்தான் ஆட உட்கார முடியும். பை இல்லாத நான் இவ்வளவு நாளும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். வெறுத்துப்போய், பழைய இரும்புக் கடையில் வாஷர்களை எடைக்கு வாங்கி வந்தேன். ராஜா, ராணி, கப்பல், கோட்டை என்று படம் வரைந்து, ஓட்டை தெரியாமல் ஒட்டி, மேலே நகப்பூச்சு அடித்தேன். பார்க்க ஜோராகவே இருந்தது.

என் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். ஒன்றை எடுத்து ஓரத்தைத் தடவி, "பிசிர் பிசிரா இருக்கே" என்று உச்சுக்கொட்டினார்.

"எல்லாத்துலயும் இருக்குல்ல, அது போதும். நீங்க கை வைக்காதீங்க."

ஆட்டமே அதில்தான் இருக்கிறது. பைக்குள் கைவிட்டு, பார்க்காமல் ஒரு வில்லையை எடுக்க வேண்டும். ஒன்று மட்டும் கைக்கு வேறு மாதிரி பட்டால் கதை முடிந்தது.

கடைசிப் பதிவு நாளன்று பையோடு போனேன். வீட்டுக்காரரும் கூட வந்தார். பையைச் சோதிப்பவர் சங்கச் செயலாளர் அம்மா. பூதக்கண்ணாடி என்று நாங்கள் வைத்த பேர் அவருக்கும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு பைக்குள் கைவிட்டுத் துழாவினார்.

ராணி வந்தது. போட்டுக் குலுக்கிவிட்டு மறுபடி எடுத்தார். மறுபடியும் ராணி.

"இது மட்டும் வழவழன்னு இருக்கும்மா. ஆட்டத்துக்கு ஆகாது."

வாங்கித் தடவினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க!"

"நாற்காலி ஆடுதுன்னு நீதானே கத்துன? போல்ட்டுக்கு ஒரு வாஷர் எடுத்தேன். அது ராணின்னு அப்புறம்தான் பாத்தேன். உனக்குத் தெரிய வேணாம்னு பட்டறையில வேற வாஷர் வெட்டி, அரம் போட்டு, படத்தைப் பிரிச்சு ஒட்டி..."

"இவ்வளவு அழகா செய்யச் சொல்லி யாருங்க உங்ககிட்ட அழுதா?"

அழுதது நான்தான். நாசமாய்ப் போன நாற்காலி!

பூதக்கண்ணாடி கடிகாரத்தைப் பார்த்தார். "பதிவை மூடப் போறேன். சரி பண்ண முடியுமா, முடியாதா?"

ராணியை வாசற்படியில் தேய்க்கப் போனேன். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். "குடு, நானே கெடுக்கறேன்." குந்தி உட்கார்ந்து சிமெண்ட்டில் கரகரவென்று தேய்த்தார். ஒரு வேலையையும் அரைகுறையாக விடாத மனுஷன். முகம் செத்துப்போயிருந்தது.

பூதக்கண்ணாடி மறுபடி கைவிட்டார். கப்பல். கோட்டை. கோட்டையைப் போட்டுக் குலுக்கினார். ராஜா.

"சரி, உட்காரு."

முதல்முறையாக ஆட உட்கார்ந்தேன். கடைசிச் சுற்றுவரை எதிராளிக்குச் சமமாக வந்துவிட்டேன். ராணி வந்தால் எனக்கு வெற்றி. பைக்குள் கைவிட்டேன். விரலில் ஒரு வில்லை பட்டது. சுற்றிலும் சொரசொரப்பு, ஒரு நகத்தளவு மட்டும் வழவழப்பு. ராணிதான். அந்த இடத்தைக் கெடுக்க என் வீட்டுக்காரருக்கு மனசு வரவில்லை. பூதக்கண்ணாடியே தவறவிட்டது என் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

எதிராளிக்குப் பின்னால் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு ஜெயிக்க ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லுவானேன். ஆனாலும் அதை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்தேன். கப்பல். தோற்றேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் மெதுவாகக் கேட்டார். "ராணி வரவே இல்லையா?"

"வந்துச்சு."

அவர் நின்றுவிட்டார். பையை அவர் கையில் வைத்தேன்.

"மிச்சத்தையெல்லாம் அரம் போட்டு உங்க ராணி மாதிரியே ஆக்கிக் குடுங்க. ராணியையும் பழையபடி ஆக்குங்க. எல்லாம் ஒண்ணா இருக்கணும், அவ்வளவுதான்."