மேட்டு மனைக்கு ஒரே பாதை

முடிச்சூர் பக்கம் சுகப்பிரியாவும் அருள்பாண்டியும் வாடகைக்கு இருந்த வீட்டில் இரண்டு முறை வெள்ளம் புகுந்தது. இரண்டாம் முறை, மகள் ஆதிரையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் நடந்தபோதே சுகப்பிரியா முடிவு செய்துவிட்டாள். இனி வீடு என்றால் மேட்டில்தான்.

கோவில்பட்டிக்காரியான அவளுக்கு ஒரகடத்தில், கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை. அதே லைனில் நின்ற சசிகலாதான் இடம் சொன்னாள். குன்றத்தூருக்கு மேற்கே ஒரு கிராமம் அவளுடையது.

“எங்கூரு பக்கத்துலயே குறிஞ்சி நகர்னு புதுசா போட்டுகிறாங்க சுகா. ஆளு உசரத்துக்கு மண்ணு கொட்டி ஏத்திகிறான். அங்க தண்ணி ஏறவே ஏறாது.”

அதற்குள் அவர்கள் பதினோரு இடம் பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு மனையிலும் அருள்பாண்டி போனை நீட்டி, கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று பார்ப்பான். குறிஞ்சி நகரில்தான் எண் அதிகம் காட்டியது. மெயின் ரோட்டுக்குப் போக ஒரே பாதை. அதையும் கரை மாதிரி உயர்த்திப் போட்டிருந்தார்கள். மழைத் தண்ணீர் ஏரிக்குப் போகிற பழைய கால்வாய் அந்தப் பாதைக்கு அடியில் மூடப்பட்டுக் கிடந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

அங்கே வீடு கட்டிக் குடிவந்த இரண்டாம் வருட டிசம்பரில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. ஷிஃப்ட் மாற்ற ஆள் வராததால் அருள்பாண்டி தன் கம்பெனியிலேயே மாட்டிக்கொண்டான். குறிஞ்சி நகரின் தெருக்களில் கால் நனையவில்லை. ஆனால் மாடியிலிருந்து பார்த்தால், பாதைக்கு அந்தப் பக்கம் சசிகலாவின் தெரு தண்ணீருக்குள் நின்றது. போன் போட்டால் எடுக்கவில்லை.

காலை பதினோரு மணிக்கு, நகர் சங்கச் செயலாளர் தசரதன் குடையோடு வந்து கதவைத் தட்டினார்.

“ஊர்க்காரங்க ஜேசிபி கொண்டு வர்றாங்க மேடம். நம்ம ரோட்டை வெட்டித் தண்ணிய ஏரிக்கு விடப்போறாங்களாம். வெட்டிட்டா நாம வெளியவே போக முடியாது. உங்க வீடுதான் முதல்ல இருக்கு. காரை எடுத்துட்டு வந்து குறுக்க நிறுத்துங்க.”

ஆதிரைக்குக் காலையிலிருந்து வீசிங். மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் கேட்டது. பாதை போனால் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது? அந்த ஒரு நினைப்பில் சுகப்பிரியா பிள்ளையை எதிர்வீட்டு சுபஸ்ரீயிடம் விட்டுவிட்டு, தசரதன் காட்டிய இடத்தில் காரைக் குறுக்காக நிறுத்தினாள். அவள் வண்டியை ஒட்டித் தசரதன் தன் வண்டியை நிறுத்திப் பூட்டினார்.

கொஞ்ச நேரத்தில் மெயின் ரோட்டுப் பக்கமிருந்து ஜேசிபி வந்து மறுபுறம் நின்றது. கூட வந்த இருபது பேரில் சசிகலாவும் இருந்தாள். இடுப்புக்குக் கீழே சேலை முழுக்கச் சேறு.

“வண்டிய எடு சுகா.”

“அக்கா, பிள்ளைக்கு மூச்சு முட்டுது. ரோட்டை வெட்டிட்டா நான் எங்கிட்டுப் போவேன்?”

“என் மாமியாருக்கு காலு வராதுனு உனக்குத் தெரியுமில்ல? கட்டிலு மேல பெஞ்சு போட்டு உக்கார வச்சிட்டு வந்துகிறேன். பெஞ்சு வரைக்கும் தண்ணி வந்துட்ச்சி.” அவள் குரல் உயரவில்லை. “இந்த எடத்த நான்தான உனக்குச் சொன்னேன்?”

சுகப்பிரியாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காரில் ஏறினாள்.

“சார், உங்க வண்டியை எடுங்க. நான் போகணும்.”

“எடுக்க மாட்டேன். நீங்களும் எடுக்காதீங்க மேடம்,” என்றார் தசரதன்.

ஒரு பக்கம் அவர் வண்டி. மறுபக்கம் ஜேசிபி; அது பின்வாங்கி வழிவிட்டாலும் தசரதன் முன்னேறி அந்த இடத்தையும் அடைத்துவிடுவார், அவர் பின்னால் இன்னும் நான்கு நகர்க் கார்கள் காத்திருந்தன. பின்னால், பாதையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஊர்த் தண்ணீர். முன்னால் ஏரிப் பக்கத்துச் சரிவு மட்டும்தான் காலியாக இருந்தது.

அவள் கியரைப் போட்டு அந்தச் சரிவில் காரை இறக்கினாள்.

பத்தடி போவதற்குள் முன்சக்கரங்கள் சேற்றில் புதைந்து வண்டி தலைகுப்புற நின்றது. கதவு பாதிதான் திறந்தது. ஊர்க்காரர்கள் இரண்டு பேர் இறங்கி அவளை இழுத்துக் கரையேற்றி, குறிஞ்சி நகர்ப் பக்கம் விட்டார்கள். உடனே ஜேசிபி அவள் விட்ட இடத்தை வெட்டத் தொடங்கியது. பாய்ந்த தண்ணீர் அவள் காரைப் புரட்டி வேலிகாத்தான் புதரில் சொருகியது. தசரதன் குடையை மடக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். மற்ற நகர்க்காரர்களும் போனார்கள்.

மாலையில் மாடியிலிருந்து பார்த்தபோது சசிகலாவின் தெருவில் தண்ணீர் இறங்கியிருந்தது. ஆனால் குறிஞ்சி நகரிலிருந்து மூன்று நாள் யாரும் வெளியே போக முடியவில்லை. மின்சாரம் இல்லை, நெபுலைசர் ஓடவில்லை. சுகப்பிரியா இன்ஹேலரில் எஞ்சியிருந்ததை எண்ணி எண்ணி அழுத்தினாள். இரண்டாம் நாள் ஆதிரையின் உதடு லேசாக நீலம் பாரித்தபோது, வெட்டிய இடம் வரை தூக்கிக்கொண்டு ஓடினாள். தண்ணீர் இன்னும் சீறிக்கொண்டிருந்தது. அங்கேயே மழையில் உட்கார்ந்து, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூச்சு மெல்லச் சீரானது.

நான்காம் நாள் அருள்பாண்டி அக்கரையில் வந்து நின்றான். புதரில் கிடந்த காரைப் பார்த்தான்.

“பிள்ளை?”

“நல்லா இருக்கா.”

ஊர்க்காரர்கள் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து, வெட்டிய பள்ளத்தில் அவன் இறங்கி வந்தான்.

ஜனவரியில் பஞ்சாயத்துக்காரர்கள் வெட்டிய இடத்தில் சிமெண்ட் குழாய் பதித்து மூடினார்கள். நகரின் வாட்ஸாப் குழுவிலிருந்து அவளை நீக்கிவிட்டார்கள். சுபஸ்ரீ கோலம் போடும்போதுகூட நிமிர்வதில்லை. வீட்டை விற்றுவிடலாமா என்று ஒருநாள் அருள்பாண்டி கேட்டான்.

“வித்துட்டு?” என்றாள் சுகப்பிரியா. கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, யார் வீட்டு வாசலையும் பார்க்காமல் பாதையில் இறங்கி நடந்தாள்.