மூன்றாவது நடுவர்

நடுவர் என்று அச்சடித்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கல்யாண மண்டபத்தின் மணமகள் அறையில் உட்கார்ந்திருந்தேன். பழவேற்காட்டில் முதல்முறையாக நடக்கும் குறும்பட விழா. நடுவர்கள் தனியாகப் பேச வேறு இடம் இல்லாமல் இந்த அறையை ஒதுக்கியிருந்தார்கள். கண்ணாடியில் போன முகூர்த்தத்துப் பெண்கள் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள் அப்படியே இருந்தன. மற்ற இரண்டு நடுவர்களும் சென்னைக்காரர்கள். கஸ்தூரி மேடம் படத்தொகுப்பாளர். கண்ணப்பன் சார் கல்லூரியில் சினிமா பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். மூன்றாவது ஆள் சம்பந்தம், அதாவது நான். பஜாரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பதினாறு வருஷமாகச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணம், எந்த மஞ்சள் நீராட்டு என்றாலும் என் கேமராதான்.

என்னை எதற்கு நடுவராக்கினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு படம் அனுப்பியிருந்தேன். விழாவுக்கு ‘டச்சுக் கரை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். சரி, எங்கள் ஊரில் இருக்கும் டச்சுக்காரன் கல்லறையைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று நினைத்து, ட்ரோன் வாடகைக்கு எடுத்து, எலும்புக்கூடு செதுக்கிய வாசல் தூணிலிருந்து கடைசிக் கல்வெட்டு வரைக்கும் சுற்றிச் சுற்றி எடுத்தேன். பின்னணிக்கு வயலின் போட்டேன். அவன் போய்ச் சேர்ந்து இருநூறு வருஷம் ஆகிறது. அவனுடைய சொந்தக்காரன்கூட அவனுக்காக அவ்வளவு அழுதிருக்க மாட்டான். முதல் சுற்றிலேயே படத்தைத் தள்ளிவிட்டார்கள். மனசு நோகக் கூடாதென்று உள்ளூர் நடுவர் பதவி கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்குத் தெரியாது, எங்கள் ஊரிலிருந்து தேர்வான ஒரே படம் துளசிங்கத்தினுடையது என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை என்பது.

துளசிங்கம் என் பக்கத்து வீட்டுக்காரன். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம். அவன் எட்டாவதோடு நின்று வலையைப் பிடித்தான், நான் பத்தாவது முடித்துக் கேமராவைப் பிடித்தேன். அவனவன் வேலை அவனவனுக்கு என்று நிம்மதியாக இருந்தேன். இப்போது கண்ணாடி உடைந்த ஒரு செல்போனை வைத்துக்கொண்டு இருபது நிமிஷப் படம் எடுத்திருக்கிறான். அவன் ஏரியில் இருக்கும் காட்சிகளுக்குப் போனைப் படகிலேயே கட்டியிருக்கிறான், மிச்சத்துக்கு அவன் பெண்சாதி திரௌபதி பிடித்திருக்கிறாள். டீக்கடையில் அவனை டைரக்டர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். என்னைப் பதினாறு வருஷமாக வீடியோக்காரன் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

படம் நன்றாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு நாள் மீன்பிடிப்பைத் தவிர அதில் ஒன்றுமில்லை. ஏரியில் மீன் நன்றாக விழும் இடத்தில் எந்த வீடு எந்த நாள் வலை போடுவது என்று எங்கள் ஊரில் சீட்டுக் குலுக்கிப் போட்டு முறை வைத்திருக்கிறோம். அதைத் துளசிங்கத்தின் குரல் சொல்கிறது. “இன்னொருத்தன் முறையில வலை போட்டா அது திருட்டு. எங்க ஊர்ல எவனும் போட மாட்டான்” என்கிறது. பிறகு வலை இறங்குகிறது, இறால் ஏறுகிறது. கடைசியில் அவன் கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு சந்துக்குள் நடக்கிறான். போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்த திரௌபதி சந்து திரும்பும் முனையில் நின்றுவிடுகிறாள். அவன் முனை திரும்பி மறைந்துவிட, வெறும் சுவரைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டுப் படம் முடிகிறது.

அந்தச் சுவரைப் பார்த்துத்தான் கஸ்தூரி மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூடை எங்கே போகிறது என்று காட்டாமல் விட ஒரு தைரியம் வேண்டும் என்றார். கண்ணப்பன் சாருக்கு ஆரம்பாக்கம் ரயிலில் பூ விற்கும் பெண்களைப் பற்றிய படமும் பிடித்திருந்தது. ஆளுக்கொரு பக்கம் ஆகிவிட்டதால் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நீங்கள் இந்த மண்ணின் மனிதர், இந்தப் படத்தில் காட்டுவதெல்லாம் நிஜமா என்று கண்ணப்பன் சார் கேட்டார்.

கூடை எங்கே போனது என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்குத்தான் வந்தது. படத்தின் தொடக்கத்தில் தேதி போட்டிருந்தான். என் நைனா செத்த மூன்றாம் நாள் அது. அன்றைய முறை நைனா பேரில் எங்கள் வீட்டுக்கு விழுந்தது. சாவு விழுந்த வீட்டில் பதினாறு நாள் யாரும் ஏரியில் இறங்குவதில்லை. அதற்குள் அந்த வீட்டு முறை வந்தால் பக்கத்து வீட்டுக்காரன் வலை போட்டு, விழுந்ததை அப்படியே சாவு வீட்டுப் பின்வாசலில் வைத்துவிட்டுப் போவான். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. கொடுத்தவன் சொன்னால் பிச்சை போட்டதாகிவிடும், ஊரார் சொன்னால் குத்திக்காட்டியதாகிவிடும். வாங்கிய வீட்டுக்காரன் தானாகச் சொன்னால்தான் உண்டு. அதனால்தான் படத்திலும் துளசிங்கம் அதைச் சொல்லவில்லை, என் வீட்டையும் காட்டவில்லை.

இதற்கு நான் நெகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குள் எழுந்தது வேறு. என் நைனா செத்ததுகூட இவன் படத்துக்குத்தானே உதவியிருக்கிறது என்று நினைத்தேன். அன்று நான் தலையை மழித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன், இவன் போனைக் கட்டிக்கொண்டு படம் பிடித்திருக்கிறான். என் துக்கத்தில் நல்ல காட்சி அவனுக்கு, டச்சுக்காரன் துக்கத்தில் வயலின் எனக்கு.

“அன்னைக்கு அவங்க வீட்டு முறை கிடையாது சார்” என்றேன். சொன்னது பொய்யில்லை. வேறு யார் முறை என்று கஸ்தூரி மேடம் கேட்டார். யாரோ ஒருத்தர் வீட்டு முறை, பெயர் நினைவில்லை என்றேன். அது பொய். படத்துக்காக ஒருவர் முறையில் வலை போட்டுவிட்டு, திருட்டு கூடாது என்று அதே படத்தில் போதிப்பதா என்று கண்ணப்பன் சார் வருத்தப்பட்டார். மேடமும், சரி, ரயில் படத்துக்கே கொடுத்துவிடலாம் என்றார். டீ வந்தது. நான் இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.

விஷயம் அதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். கண்ணப்பன் சார் நேர்மையான மனிதர், அவரைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டேன். சாயங்காலம் பரிசு கொடுத்து முடித்ததும் மைக்கை வைக்காமல், இன்னொரு படத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது என்று ஆரம்பித்தார். அருமையான படம், ஆனால் பிறர் முறையில் வலை போட்டு எடுத்த காட்சிக்குப் பரிசு கொடுத்தால் இந்த ஊரின் ஒழுங்கையே அவமதித்ததாகும் என்றார். இயக்குநர் இங்கே இருந்தால் பதில் சொல்லட்டும் என்றார்.

மண்டபத்தில் பாதிக்குமேல் எங்கள் ஊர் ஜனம். துளசிங்கம் எழுந்தான். மடிப்புக் கலையாத புதுச் சட்டை போட்டிருந்தான்.

“அன்னைக்கு உங்க முறை இல்லைங்கிறது உண்மைதானா?” என்று சார் கேட்டார்.

“ஆமா சார். எங்க வூட்டு முறை இல்ல.”

“அப்போ யாருடையது?”

“அத்த வுடுங்க சார். நான் செஞ்சது தப்புனே வச்சிக்குங்க.”

பக்கத்திலிருந்த திரௌபதி தலையைக் குனிந்துகொண்டாள். அங்கிருந்த எங்கள் ஊர்க்காரர்கள் இருநூறு பேருக்கும் அன்று யார் வீட்டு முறை என்று தெரியும். ஊர்ப் பெரியவர் தருமலிங்கம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் நினைத்தால் ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். செத்துப்போன என் நைனாவின் மரியாதைக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. சந்துப் பக்கத்துப் பின்வாசலைத் திறந்து அந்தக் கூடையை உள்ளே தூக்கி வைத்தவள் என் மனைவி ஜெயம்மா. பெண்கள் வரிசையிலிருந்து அவள் என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் அப்படி என்னைப் பார்த்ததில்லை.

கஸ்தூரி மேடம் சாரின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். என்னிடம் வந்து நீட்டினார்.

“நீங்க இந்த ஊர்க்காரர். அது யாரோட முறைன்னு நீங்களே சொல்லிடுங்க.”

துளசிங்கம் இன்னும் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினான். பரிசும் போய், பெயரும் போய் நிற்கும்போது அவனால் அதைச் செய்ய முடிந்தது. அதைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது.

மைக்கை வாங்கி வாய்க்கு நேராக வைத்தேன். பேச்சு வருவதற்கு முன்னால் என் மூச்சு ஸ்பீக்கர் வழியாக மண்டபம் முழுக்கக் கேட்டது.